வடசென்னையில் சமுதாய சுகாதாரச் செவிலியரும் சுற்றுச்சூழல் நலமும்

சமுதாய சுகாதாரச் செவிலியர் என்பவர் மருத்துவமனைக் கட்டடத்துக்கு வெளியே, மக்கள் வாழும் தெருக்களிலும் வீடுகளிலும் பணிபுரியும் செவிலியர் ஆவார். காற்று, நீர், மண், கழிவு, வெப்பம் ஆகியவை மனித உடலை எவ்வாறு பாதிக்கின்றன, அப்பாதிப்பை எவ்வாறு தடுப்பது என்பவற்றை ஆராயும் துறை சுற்றுச்சூழல் நலம் எனப்படும். துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, குப்பைக் கிடங்கு ஆகியவை குடியிருப்புகளோடு நெருங்கி அமைந்துள்ள வடசென்னையில் (இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர்) இவ்விரண்டும் அன்றாடம் சந்திக்கின்றன. மாசின் விளைவு பெரும்பாலும் ஒரு வீட்டில் இருமலாகவோ, கண் எரிச்சலாகவோ, எடை குறைந்த குழந்தையாகவோ வெளிப்படுகிறது. அவ்வீட்டுக்குத் தவறாமல் செல்லும் அரசுப் பணியாளர் செவிலியரே. இதனால் இப்பகுதியில் அவரது பணி தனி முக்கியத்துவம் பெறுகிறது.

பணி அமைப்பு

தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் கிராம சுகாதாரச் செவிலியர் செய்யும் பணியை நகரங்களில் நகர்ப்புற சுகாதாரச் செவிலியர் செய்கிறார். மக்கள் இவரை 'நர்சம்மா' என்றே அழைப்பர். 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற நலவாழ்வுத் திட்டத்தின் வரையறைப்படி, ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும், ஏறத்தாழ 10,000 முதல் 12,000 மக்களுக்கு ஒரு துணைச் செவிலியரும் இருக்க வேண்டும்.

கருவுற்ற பெண்களைப் பதிவு செய்தல், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் வீட்டுக்குச் சென்று பார்த்தல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுதல், பிறப்பு எடையைக் குறித்தல், காசநோயாளிகள் மருந்தை இடையில் நிறுத்திவிடாமல் கவனித்தல் ஆகியவை இவரது வழக்கமான பணிகள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்கு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மருந்து கொண்டு செல்கின்றனர். படுக்கையில் உள்ள நோயாளிகளை நோய்த்தணிப்புச் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பார்க்கின்றனர்.

2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிவாக்கப்பட்டபோது திருவொற்றியூர், மணலி ஆகிய நகராட்சிகளும் கத்திவாக்கமும் அதனோடு இணைக்கப்பட்டன. இன்று பெருநகர சென்னை மாநகராட்சியின் 1-ஆம் மண்டலம் திருவொற்றியூர், 2-ஆம் மண்டலம் மணலி, 4-ஆம் மண்டலம் தண்டையார்பேட்டை, 5-ஆம் மண்டலம் இராயபுரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீராத நோய்க்கு, அங்கிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம். பேறுகாலச் சிக்கல் என்றால் இராயபுரத்திலுள்ள ராஜா சர் ராமசாமி முதலியார் அரசு மகப்பேறு மருத்துவமனை.

வரலாறு

செவிலியர் பணிக்கும் சுற்றுப்புறத் தூய்மைக்கும் உள்ள தொடர்பு, நவீனச் செவிலியர் கல்வி தோன்றிய காலத்திலேயே தொடங்குகிறது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியர் பணி பற்றி எழுதிய நூலில், ஒரு வீடு நலமாயிருக்கத் தூய காற்று, தூய நீர், நல்ல வடிகால், சுத்தம், வெளிச்சம் ஆகிய ஐந்தும் தேவை என வகுத்தார். மருந்தைப் பற்றிப் பேசுமுன் அவர் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசினார்.

இலண்டனில் 1854-இல் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஒரு குடிநீர்க் குழாயே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டினார். அவரது வரைபடம் உலகப் புகழ் பெற்றது. ஆனால், அத்தெருவின் முதல் நோயாளி யார் என்பதைக் கண்டறிந்தவர் ஹென்றி வைட்ஹெட் என்னும் உள்ளூர்ப் பாதிரியார். வீடு வீடாகச் சென்று அக்குடும்பங்களை அறிந்திருந்ததால், குழாய்க்கு அருகிலிருந்த வீட்டில் நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் எங்கே சென்றது என்பதை அவரால் கேட்டறிய முடிந்தது. வீட்டை அறிந்தவரின் தகவலும் மருத்துவ அறிவும் சேர்ந்தபோதுதான் காரணம் முழுமையாக விளங்கியது. சமுதாயச் செவிலியரின் இடத்தைப் புரிந்துகொள்ள இது நல்ல எடுத்துக்காட்டு.

சென்னை மாகாணத்தில் செவிலியர், மகப்பேறு உதவியாளர் பதிவுக்கான சட்டம் 1926-இல் வந்தது. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இத்துறையில் எழுந்த முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று. மக்களின் உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் தொல்லைகளை அகற்ற உத்தரவிடும் அதிகாரத்தை அச்சட்டம் சுகாதார அலுவலருக்கு வழங்குகிறது. அதாவது, சுற்றுச்சூழல் கேடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு மட்டுமன்று. அது தொடக்கம் முதலே சுகாதாரத் துறையின் பொறுப்பாகவும் இருந்து வந்துள்ளது. 1973-இல் கர்த்தார் சிங் குழு, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிப் பணியாளர் என்ற முறையை மாற்றிப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் முறையைப் பரிந்துரைத்தது. இன்றைய களச் செவிலியர் அம்முறையின் வழியில் வந்தவர்.

வடசென்னையின் சூழல்

சென்னைத் துறைமுகமும் 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் தொடர்வண்டி நிலையமும் வடசென்னையைத் தொழில் பகுதியாக்கின. மணலியில் சென்னைச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. இன்று இது சென்னை பெட்ரோலியக் கழகம் என்னும் பெயரில் உள்ளது. 1970-களின் தொடக்கத்தில் அருகிலேயே உர உற்பத்தியும் தொடங்கிற்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. கழிமுகத்துக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இயங்கி வருகின்றன. 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இவற்றிடையே கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடைகின்றன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைகுப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் இக்கழிமுகத்தையும் கடலையும் நம்பி வாழ்கின்றன. எர்ணாவூரில் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகள் உள்ளன. தெற்கே கொடுங்கையூரில் மாநகராட்சியின் பெரிய குப்பைக் கிடங்கு இருக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டின் தொழில் பகுதிகளை மதிப்பிட்டபோது, மணலி 100-க்கு 76.32 புள்ளி பெற்று 'கடுமையாக மாசடைந்த பகுதி' என வகைப்படுத்தப்பட்டது. 70-ஐத் தாண்டினாலே அந்த வகையில் சேர்க்கப்படும்.

மாசு குறைந்ததற்கும் இப்பகுதியில் சான்று உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்த வெளியில் கையாளப்பட்டபோது இராயபுரம், பாரிமுனை வட்டாரத்து வீடுகளில் கரித்தூள் படிவது வழக்கமாக இருந்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் அப்பணி நிறுத்தப்பட்டு, நிலக்கரி எண்ணூருக்கு மாற்றப்பட்டது. இராயபுரத்துக்கு இது விடிவானது. நிலக்கரியின் சுமை வடக்கே நகர்ந்தது.

வீட்டுப் பார்வையில் கவனிக்க வேண்டியவை

காற்று: 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள்கள் நுரையீரலின் கடைசி அறை வரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. இவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மிகக்கூடாது என்பது இந்திய வரையறை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு அளவோ 5 மைக்ரோகிராம் மட்டுமே. மணலி, கொடுங்கையூர், இராயபுரம் முதலிய இடங்களில் தொடர் காற்றுத்தர நிலையங்கள் உள்ளன. அவை காட்டுவது அந்த இடத்தின் காற்றை. மூன்றாம் தெருவில் விறகடுப்பு எரியும் வீட்டின் காற்றையோ, சரக்குப் பெட்டக லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோர வீட்டின் காற்றையோ அவை காட்டா.

இந்த இடைவெளியைச் செவிலியரின் கேள்விகள் நிரப்புகின்றன. இருமல் எப்போது அதிகம்? இரவிலா, விடியலிலா? வெளியூர் சென்றால் குறைகிறதா? வீட்டில் கொசுவத்தி ஏற்றப்படுகிறதா? புகைப்பவர் உண்டா? வேலைக்குச் செல்பவர் எங்கே, என்ன வேலை செய்கிறார்? இக்கேள்விகள் வீட்டுக்குள் தோன்றும் புகையையும் வெளியிலிருந்து வரும் புகையையும் பிரித்தறிய உதவும். வீட்டுப் புகைக்குக் குடும்பமே தீர்வு காணலாம். வெளிப்புகைக்கு அப்படியன்று.

எல்லா இருமலுக்கும் ஆலைப் புகையையே காரணமாகச் சொல்வதும் தவறாகும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் எதுவாயினும் முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். 'இந்த ஊர்க் காற்றே இப்படித்தான்' என்று விட்டுவிடப்பட்ட இருமல் பின்னர் காசநோயாகத் தெரியவந்தால், இழப்பு நோயாளிக்கு மட்டுமன்றி அவ்வீட்டுக் குழந்தைகளுக்கும் உண்டு.

நீர்: 'காய்ச்சிக் குடியுங்கள்' என்பது சுகாதாரப் பணியாளர்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவரும் அறிவுரை. கிருமிகளைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. வேதிப்பொருள் கலந்த நீருக்கு அது பொருந்தாது. காய்ச்சும்போது நீர் ஆவியாகிக் குறைய, ஈயம், ஆர்சனிக் போன்ற உலோகங்கள் எஞ்சிய நீரில் செறிவு கூடும். 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்தது தெரியவந்தது. இத்தகைய நீரைக் காய்ச்சச் சொல்வது ஆவியை வீட்டுக்குள் பரப்புவதாகவே முடியும். எனவே நீரின் குறை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் செவிலியர் முதலில் கேட்டறிய வேண்டும். கலங்கல், சாக்கடை நாற்றம் என்றால் குளோரின், காய்ச்சுதல், குழாய்ப் பழுது நீக்கம். எண்ணெய்ப் படலம், பெட்ரோல் வாடை என்றால் அந்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாமல் நிறுத்தி, லாரிக் குடிநீர் கோருதல்.

சாம்பல்: அனல்மின் நிலையச் சாம்பலில் சிலிக்காவும் சிறிய அளவில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் முதலியனவும் உண்டு. சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலப்பதும், காற்றுக் காலத்தில் சாம்பல் குளத்திலிருந்து தூசு எழுவதும் எண்ணூர் வட்டாரத்தில் நெடுநாள் முறையீடுகள். தண்ணீர்ப் பாத்திரத்தை மூடி வைத்தல், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல், குழந்தை தவழும் இடத்தை நாளும் கழுவுதல் ஆகியவை வீட்டளவில் செய்யக்கூடியவை.

உணவு: கழிமுகம் கெடும்போது வருமானமும் உணவும் ஒன்றாகக் குறைகின்றன. இறால் பிடித்து வாழ்ந்த குடும்பத்துக்கு இறால் விற்பனைப் பொருள் மட்டுமன்று, அன்றாடக் குழம்பும் அதுவே. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு வகை மட்டி இக்கழிமுகத்தில் பெருகி அடித்தளத்தை மூடிவிட்டது. மீனவர்கள் இதனைக் 'காக்கா ஆழி' என்பர். கப்பல்களின் நிலைநிறுத்த நீரோடு இவ்வகை உயிரினங்கள் துறைமுகங்களுக்கு வருவதுண்டு. கருவுற்ற பெண்ணின் இரத்தசோகையைப் பார்க்கும் செவிலியர், 'மீன், முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதோடு, அவ்வீட்டில் இப்போது மீன் வருகிறதா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

விபத்துக் காலங்களில்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த கனரக எண்ணெய் எர்ணாவூர்க் கடற்கரையில் கட்டியாக ஒதுங்கியது. வாளிகளைக் கொண்டு ஆட்களே அதை அள்ளினர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் எண்ணெயால் மூடப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

இத்தகைய நேரத்தில் தோல் அரிப்பு, கண் எரிச்சல், தலைவலி, குமட்டல் ஆகியவை முதலில் தோன்றும். உடலில் ஒட்டிய எண்ணெயை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைப்பது பலரது வழக்கம். அது தோலை மேலும் புண்ணாக்கி, எண்ணெய் உடலுக்குள் ஊறவும் வழிசெய்யும். தேங்காய் எண்ணெயோ வேறு சமையல் எண்ணெயோ தடவி இளக்கிய பின் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே சரி. கையுறையும் காலணியும் இன்றிச் சுத்தம் செய்ய இறங்குவோரையும், கருவுற்ற பெண்களையும், ஆஸ்துமா உள்ளவர்களையும் அவ்விடத்திலிருந்து விலக்கி வைப்பதும் செவிலியரின் பொறுப்பில் அடங்கும்.

அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன், எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. உறக்கத்திலிருந்த மக்கள் மூச்சுத்திணறலுடன் வீட்டைவிட்டு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரையறை 400 மைக்ரோகிராம்.

அம்மோனியா நீரில் எளிதில் கரையும். இந்த ஓர் உண்மையிலிருந்தே முதலுதவி முழுவதும் பிறக்கிறது. கண், மூக்கு, தொண்டை ஆகிய ஈரமான இடங்களையே அது முதலில் தாக்குகிறது. அதே காரணத்தால் ஈரத்துணி அதனை ஓரளவு தடுக்கிறது. ஏராளமான நீர் அதனைக் கழுவி நீக்குகிறது. காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுதல், மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடுதல், நனைந்த ஆடையைக் களைதல், கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் நீரால் கழுவுதல் ஆகியவை செய்ய வேண்டியவை. பெருமளவில் சுவாசித்தவர்க்குச் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். ஆகவே இரவில் 'சரியாகிவிட்டது' என்று வீடு திரும்பியவரை மறுநாள் போய்ப் பார்ப்பது அவசியம். வீடு தெரிந்த களச் செவிலியருக்கே இது இயலும்.

1984 டிசம்பரில் போபாலில் ஈரத்துணி பற்றிய எளிய செய்திகூட மக்களுக்கு முன்னரே சொல்லப்பட்டிருக்கவில்லை. அந்த விபத்துக்குப் பின் வந்த 1989-ஆம் ஆண்டு அபாயகர வேதிப்பொருள் விதிகள், ஆலைக்கு வெளியே வாழும் மக்களுக்கும் ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. தாய்மார் கூடும் தடுப்பூசி நாளில் இச்செய்தியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளி மாணவிகள் தொண்டை எரிச்சலும் மயக்கமும் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நவம்பர் 4 அன்று பள்ளி மீண்டும் திறந்தபோதும் சிலருக்கு அதே தொல்லை ஏற்பட்டது. அலுவலர்களும் பேரிடர் மீட்புப் படையினரும் ஆய்வு செய்தும், வாயு எங்கிருந்து வந்தது என்பதை உடனே கண்டறிய முடியவில்லை. வாயு சில நிமிடங்களில் கலைந்துவிடும். கருவி வருவதற்குள் காற்று மாறிவிடும். அப்போது எஞ்சி நிற்கும் சான்று, யாருக்கு, எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன அறிகுறி தோன்றியது என்னும் குறிப்பு மட்டுமே.

பதிவேட்டின் பயன்

களச் செவிலியரின் பதிவேடு பெரும்பாலும் மகப்பேறு, தடுப்பூசி, குடும்பநலம் ஆகியவற்றுக்கென அமைந்தது. எனினும் சுற்றுச்சூழல் பற்றிய தடயங்கள் அதில் ஏற்கனவே உள்ளன.

முதலாவது பிறப்பு எடை. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தை 'எடை குறைந்த குழந்தை' எனப்படும். தாயின் ஊட்டக்குறை, இரத்தசோகை, இளவயது, இரத்த அழுத்தம் எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. நுண்துகள் மாசுக்கும் எடைக் குறைவுக்கும் குறைமாதப் பேற்றுக்கும் தொடர்பு இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறப்பு எடைகளைத் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தால், ஏதேனும் ஒரு தெருவில் குறை எடைக் குழந்தைகள் கூடுதலா என்பது தெரியும். அத்தெருவின் தாய்மாரது உணவும் வருமானமும் பக்கத்துத் தெருவைப் போன்றே இருந்தால், வேறு காரணத்தைத் தேட அது போதிய தூண்டுதல்.

இரண்டாவது நோய்க் கண்காணிப்புப் படிவம். 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. ஆய்வகம் நிரப்புவது ஒன்று. மருத்துவர் நிரப்புவது மற்றொன்று. களப்பணியாளர் அறிகுறிகளைக் கொண்டு நிரப்பும் 'எஸ்' படிவம் மூன்றாவது. காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலை ஆகியவற்றோடு, எதிலும் அடங்காத வழக்கத்துக்கு மாறான அறிகுறிகளால் இறந்தவர்களையோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களையோ குறிக்கவும் அதில் இடமுண்டு. இப்போது இது ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தின் வழி இணையத்தில் பதியப்படுகிறது. தொற்றுநோய்க்காக உருவான படிவம்தான் இது. ஆனாலும் ஒரே இரவில் ஒரே தெருவில் பத்துப் பேர் மூச்சுத்திணறலால் மருத்துவமனைக்குச் சென்றால், அதைக் குறிக்க அந்த ஒரு வரி இருக்கிறது.

மூன்றாவது நாள், நேரம், இடம் குறித்த எளிய குறிப்பு. இதற்குத் தனிப் படிவம் தேவையில்லை. நாட்குறிப்பில் 'காலை 6 மணி, இரண்டு தெருக்களில் அழுகிய முட்டை வாடை, நால்வருக்குத் தலைவலி' என்று எழுதினால் போதும். அழுகிய முட்டை வாடை ஐதரசன் சல்பைடைச் சுட்டும். மூக்கைத் துளைக்கும் கார நெடி அம்மோனியாவையும், எரியும் தீக்குச்சி வாடை கந்தக டை ஆக்சைடையும் சுட்டும். ஐதரசன் சல்பைடு மிகுந்தால் மூக்கு மரத்து வாடையே தெரியாமற்போகும் என்பதால், வாடை நின்றுவிட்டது என்பதை ஆபத்து நீங்கியதாகக் கொள்ளக்கூடாது.

செவிலியரின் குறிப்பு காரணத்தை நிறுவாது. அதற்குக் காற்று மாதிரி, இரத்தப் பரிசோதனை, நோய்ப்பரவல் ஆய்வு ஆகியவை தேவை. எங்கே தேடவேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். இக்குறிப்பு மருத்துவ அலுவலர், மண்டல சுகாதார அலுவலர் வழியே மாநகர நல அலுவலரை அடைய வேண்டும். அங்கிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் செல்ல வேண்டும். அவை தனித்தனித் துறைகள் என்பதால், தகவல் இடையில் தேங்கிவிடக்கூடும்.

தடைகளும் வரம்புகளும்

முதல் தடை பணிச்சுமை. ஒருவருக்குப் பத்தாயிரம் பேர் என்பது வரையறை மட்டுமே. பணியிடம் காலியாக இருந்தால் அருகிலுள்ளவர் இரண்டு பகுதிகளையும் பார்க்க நேரும். தடுப்பூசி இலக்கு, இணையப் பதிவு, கொசு ஒழிப்புக் கால ஆய்வு, மழைக்கால முகாம் ஆகியவற்றுக்கிடையே வீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் நேரம் சுருங்குகிறது. நகர்ப்புற நலவாழ்வுத் திட்டத்தின் பணியாளர்களுள் பலர் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிவதால், ஒரு பகுதியை அறிந்தவர் அங்கேயே நீடிப்பார் என்ற உறுதியும் இல்லை. வீட்டை அறிந்தவர் என்பதே அவரது பலம். ஆள் மாறும்போது அந்த அறிவும் போய்விடுகிறது.

இரண்டாவது பயிற்சி. இந்தியச் செவிலியர் மன்றத்தின் பாடத்திட்டத்தில் சுற்றுச்சூழல் நலம் ஒரு பகுதியாக உள்ளது. கிணற்றுக்குக் குளோரின் இடுவது, கழிப்பறை, குப்பை அகற்றல் ஆகியவை எங்கும் பொருந்தும் பொதுப் பாடங்கள். அம்மோனியாக் குழாய்க்கு அருகிலுள்ள ஊரில் பணியாற்றுபவருக்கு அந்த வாயுவைப் பற்றிய தனிப்பயிற்சியும் வேண்டும். அமெரிக்காவில் 1995-இல் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, எல்லாச் செவிலியர்களுக்கும் சுற்றுச்சூழல் நலத்தில் அடிப்படைத் தேர்ச்சி வேண்டும் என்றும், நோயாளியிடம் தொழில், இருப்பிடம் பற்றிய வரலாற்றைக் கேட்பது வழக்கமாக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2019-இல் தொடங்கிய பருவநிலை மாற்றமும் மனித நலமும் பற்றிய தேசியத் திட்டம், காற்று மாசால் வரும் மூச்சு நோய்களைக் குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கண்காணிக்க வகைசெய்கிறது. மருத்துவமனை வாயில் வரை வராத நோயாளிகளை அது எட்டாது.

மூன்றாவது மக்களின் தயக்கம். இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆலையும் துறைமுகமும் வேலை தருகின்றன. இருமலை வேலையோடு தொடர்புபடுத்திச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஒப்பந்தத் தொழிலாளிக்கு உண்டு. எனவே குறிப்பெடுக்கும்போது பெயர் வெளிவராமல் காப்பது செவிலியரின் கடமை. தெருவும் நாளும் போதும். ஆளின் பெயர் தேவையில்லை.

நான்காவது அவரது அதிகார எல்லை. புகைபோக்கியை மூடவோ குழாயை நிறுத்தவோ செவிலியரால் முடியாது. முகக்கவசம் அணியுங்கள், சன்னலைச் சாத்துங்கள் என்னும் அறிவுரையோடு பணி நின்றுவிட்டால், மாசின் பொறுப்பு முழுவதும் மாசுபட்டவர் தலையிலேயே விழும். வெயிலில் சன்னலைச் சாத்திய ஓர் அறை வீட்டில் வாழ்வதும் எளிதன்று. ஆகவே அறிவுரை பாதிப் பணி; மேலிடத்துக்குத் தெரிவிப்பதே மறுபாதி.

மக்கள் தெரிவிக்க வேண்டியவை

செவிலியரின் குறிப்பு மக்கள் சொல்வதைப் பொறுத்தே அமையும். கீழ்க்காணும் செய்திகளைச் சொல்வது பயன் தரும்.

• வாடையோ புகையோ வந்த நாள், மணி, காற்று வீசிய திசை.
• ஒரே நேரத்தில் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எத்தனை பேருக்குத் தொல்லை.
• குழாய் நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் நிறம், வாடை, படலம் மாறிய நாள்.
• வீட்டில் ஆஸ்துமா உள்ளவர், கருவுற்றவர், கைக்குழந்தை, படுக்கையில் உள்ள முதியவர் யார் யார். அவசரமாக வெளியேற நேர்ந்தால் முதலில் உதவி தேவைப்படுபவர்கள் இவர்களே.
• வேலை செய்யும் இடமும், கையாளும் பொருளும்.

மூச்சுத்திணறல், மயக்கம், உதடு நீலமாதல் ஆகியவை தோன்றினால் செவிலியருக்காகக் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நோயாளி தேறி வீடு திரும்பிய பின், அந்நிகழ்வைத் தம் பகுதிச் செவிலியரிடம் சொல்லிப் பதிவு செய்வது நல்லது. மருத்துவமனை அவரைத் தனி நோயாளியாகவே பார்த்திருக்கும். அதே நாளில் அதே தெருவில் இன்னும் ஐவருக்கு அவ்வாறே நேர்ந்தது என்பது, பகுதிச் செவிலியரின் குறிப்பில்தான் தெரியவரும்.